தளவாய் அண்ணாச்சி கடல் பார்க்கப் போனது

தூத்துக்குடி பேர்ல் ஹார்பர் சர்வீஸ் கிளப்புக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் உலக சரித்திரம் படித்தவர்கள் இல்லை. ஊரில் முத்து இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து இங்கிலீஷில் எழுதினால் கம்பீரமாய் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். துறைமுகத்துக்கு கிரேன் பொருத்த வந்த ஜப்பான்காரர் ஒருவரை ஒரு வாரம் சிறப்புப் பேச்சாளராய்க் கூப்பிட்டார்கள். அவர் மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரைப் படித்துவிட்டு வெகு நேரம் வாய் திறக்காமல் நின்றார். மனுசனுக்குக் கூச்சம் போல என்று நினைத்து எல்லோரும் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் கிளப் கூடும். ஓட்டல் மாடியில் ஏசி ஹால். முதலில் மணி அடிப்பார்கள், பிறகு பிரார்த்தனை, உறுதிமொழி, போன வாரம் நடந்ததைச் செயலாளர் வாசிப்பது, பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களுக்கு வாழ்த்து, பேச்சாளர், நன்றியுரை. நன்றியுரைக்குப் பக்கத்தில் வரும்போது கீழே சமையல்கட்டிலிருந்து பொரித்த புரோட்டா வாசனை படியேறி வரும். அந்த நேரத்தில்தான் உறுப்பினர்களின் முகத்தில் சேவை மனப்பான்மை பொங்கும்.

இந்தக் கிளப்பில் சத்தமான ஆள் தளவாய். கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட். அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். மைக் இல்லாமலே வெளித்துறைமுகத்தில் நிற்கிற கப்பலைக் கூப்பிடுகிற தொண்டை. அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. சர்க்கரையும் புராஸ்டேட்டும் சேர்ந்து அவரை ஒரு இடத்தில் அரைமணி நேரம் உட்காரவிடாது. இதை வெளியில் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் கூட்டத்தின் நடுவே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எந்தக் கப்பலு? வந்துட்டா? இந்தா வாரேன்" என்று எழுந்து போவார். தூத்துக்குடிக்கு வராத கப்பலெல்லாம் தளவாய் போனுக்கு வந்தது. பிஸியான மனுசன் என்று பெயரும் கிடைத்தது.

அவர் மனைவி அருணாசலவடிவு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். "அடுத்த மாசம் போவோம்" என்பார். அடுத்த மாசம் எப்போதும் அடுத்த மாசமாகவே இருந்தது.

தளவாய்க்கு ஒரு ஆசையும் உண்டு. திருநெல்வேலி ரோட்டில் ஊருக்குள் நுழைகிற இடத்தில் கிளப் சார்பில் ஒரு ஆர்ச் கட்ட வேண்டும். ஆர்ச்சின் உச்சியில் வாயைத் திறந்த சிப்பி. சிப்பிக்குள் ராத்திரியில் எரிகிற முத்து. தூணில் சின்னதாய் அவர் பெயர். சின்னது என்றால், போகிற லாரியை நிறுத்தாமலே டிரைவர் படித்துவிடக்கூடிய அளவுக்குச் சின்னது.

அந்த வருடம் கிளப்புக்குத் தலைவராக வந்தவர் பல் டாக்டர் ஜெபசுதா. ஆண்கள் இரண்டு கோஷ்டியாய்ப் பிரிந்து, அவன் வரக்கூடாது, இவன் வரக்கூடாது என்று அடித்துக்கொண்டதில் நடுவில் அவர் வந்துவிட்டார். கிளப்பில் ஜெபசுதா முன்னால் வாயைப் பிளக்காத ஆள் கிடையாது. எந்த வாயில் எந்தப் பல் சொந்தப் பல், எது கட்டியது என்று தெரிந்தவரை எதிர்த்துப் பேச எல்லோருக்கும் ஒரு தயக்கம். தளவாய்க்கு மட்டும் தயக்கம் இல்லை. அவருக்குப் பல்லெல்லாம் சொந்தப் பல்.

முதல் கூட்டத்திலேயே ஜெபசுதா எழுந்து, "இந்த வருசம் ஒரே ஒரு திட்டம் போதும். அந்தோணியார் துறையில மீன் ஏலம் எடுக்க வர்ற பொம்பளையாட்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதைக் கட்டிக் குடுப்போம்" என்றார். அந்தோணியார் துறை ஊருக்கு வடக்கே, வள்ளங்கள் கரை சேருகிற சின்னத் துறை. ஜெபசுதா பிறந்தது அங்கேதான்.

தளவாய் எழுந்தார்.

"டாக்டரம்மா சொல்லுறது நல்ல விசயந்தான். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன். ஊருக்குள்ள நுழையுதவன் முதல்ல எதைப் பாக்கணும்? முத்தைப் பாக்கணும். நாம பேர்ல் ஹார்பர். நாளைக்கு நம்ம கிளப்பு என்ன செஞ்சிதுன்னு கேட்டா, கக்கூஸு கட்டிச்சுன்னா வே சொல்லுவீரு?"

ஹால் சிரித்தது. புரோட்டா மணமும் வந்துவிட்டது. கைதட்டினார்கள். ஆனால் ஓட்டுக்கு விட்டபோது பாதிப் பேர் ஆர்ச் பக்கம், பாதிப் பேர் கழிப்பறைப் பக்கம் என்று சரிக்குச் சரியாய் நின்றது. செயலாளர் சிவசுப்பிரமணியன் உப்பு வியாபாரி. யார் மனசும் கோணாமல் பேசுகிறவர். அவர் ஒரு வழி சொன்னார். "ஆளுநர் வரும்போது ரெண்டு பேரும் அவர் முன்னால பேசுங்க. அவர் எதைச் சொல்லுதாரோ அது."

இங்கே ஆளுநர் என்றால் சென்னை மாளிகையில் இருக்கிறவர் இல்லை. நாலு மாவட்டத்துக் கிளப்புகளுக்குத் தலைவர். பெயர் பராங்குசம், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், பேங்க் மேனேஜராய் இருந்து ஓய்வு பெற்றவர். காரின் முன்னால் 'ஆளுநர்' என்று பலகை இருக்கும். டோல்கேட்டில் விவரம் தெரியாத பையன்கள் சல்யூட் அடிப்பார்கள். அவரும் பெருந்தன்மையோடு தலையை அசைத்துவிட்டுப் போவார்.

பராங்குசம் அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். தான் வருகிற வாரக் கூட்டத்தை ஏசி ஹாலில் வைக்கக்கூடாது, மக்கள் நடுவில் வைக்க வேண்டும் என்று. ஜெபசுதா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்தோணியார் துறை ஏலக்கூடத்துல வச்சிருவோம். சனிக்கிழமை காலைல" என்றார்.

அன்றைக்குக் காலையில் தளவாய் புறப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை அது. ஆளுநரை வரவேற்க ஓட்டலில் ஒரு காபி. ஆளுநர் இன்னொரு காபி கேட்டதால் மரியாதைக்கு இன்னொன்று. நீலக் கோட்டு, கழுத்தில் டை, நெஞ்சில் கிளப் வில்லை. அக்குளில் ஆர்ச் படம் சுருட்டி வைத்திருந்தார்.

ஏலக்கூடம் நாலு பக்கமும் திறந்த ஓட்டுக் கொட்டகை. ஒரு பாதியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மறுபாதியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பேனர் கட்டி, மேசையில் மணியை வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாய் சைவம் சாப்பிடுகிற தளவாய் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார். மீன் விற்கிற பெண்களுக்குத் தலைவி போல இருந்தவள் சலேத்மேரி. ஐம்பது வயசு, குரலில் தளவாய்க்குச் சமம். விருந்தாளிகளுக்கு என்று பதநீர் இறக்கி வைத்திருந்தாள். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தாள்.

"எனக்குச் சுகரு யம்மா" என்றார் தளவாய்.

"அதுல சுகரு போடலியே அண்ணாச்சி, பனையில இருந்து வந்தது" என்றாள் சலேத்.

பக்கத்தில் ஆளுநர் இரண்டாவது பட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். ஆளுநர் குடிக்கும்போது குடிக்காமல் இருந்தால், மக்களோடு கலக்காதவன் என்று ஆகிவிடும். தளவாயும் இரண்டு பட்டை குடித்தார்.

மணி அடித்தது. பிரார்த்தனை முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. ஜெபசுதா சுருக்கமாய் வரவேற்றார். அதற்குப் பிறகு சிவசுப்பிரமணியன் அறிக்கை வாசிக்க எழுந்தார். ஆளுநர் வந்திருக்கிறார் என்பதால் ஒரு வாரத்து அறிக்கையை அல்ல, ஒரு வருடத்து அறிக்கையை எழுதி வந்திருந்தார். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஜாமெட்ரி பாக்ஸ், எந்தத் தெருவில் எத்தனை மரக்கன்று. அதில் எத்தனை கன்று பிழைத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய கட்டம் வந்தபோது தளவாய்க்குத் தாங்க முடியவில்லை. போனைக் காதில் வைத்தார்.

"கப்பலா? இந்தா வாரேன்."

கொட்டகையை விட்டு இறங்கி, ஒரு சுவரைத் தேடி வேகமாய் நடந்தார். ஐஸ் பாக்டரியின் பின்சுவர் ஆளில்லாமல் இருந்தது. கிட்டே போனால், இடுப்பு உயரத்தில் வரிசையாய்ப் படம் போட்ட ஓடு பதித்திருந்தார்கள். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, அதற்கடுத்து திருச்செந்தூர் முருகன். கிருத்திகைதோறும் செந்தூருக்குப் போய் வருகிறவர் தளவாய். ஆண்டவன் வேலும் கையுமாய் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னிச்சிரு முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அந்தப் பக்கம் குகை மாதிரி கட்டிய அந்தோணியார் கெபி. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டினால் இன்னொரு சுவர். அதில் ஒரு கட்சித் தலைவர் பெரிய அளவில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் முன்னால் போனால் பாவமில்லை என்றுகூடத் தளவாய்க்குத் தோன்றியது. ஆனால் தலைவரின் காலடியில் நாலு பெண்கள் உட்கார்ந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளங்களுக்குப் பின்னால் போகலாம் என்று பார்த்தால் அங்கே வலை உலர்த்துகிறவர்கள். எங்கே திரும்பினாலும் ஒரு பெண், ஒரு கூடை, ஒரு சாமி.

இரண்டு சுற்று சுற்றியதும் சலேத் எதிரே வந்து நின்றாள். இடுப்பில் அலுமினிய வட்டி, அதில் மீன்.

"என்ன அண்ணாச்சி தேடுதீய?"

"ஒண்ணுமில்ல யம்மா. போனுக்கு டவர் கிடைக்கல."

சலேத் அவருடைய முகத்தைப் பார்த்தாள். வேர்வையைப் பார்த்தாள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்கிறதைப் பார்த்தாள்.

"அந்த டவரு இங்கன கிடையாது அண்ணாச்சி. முப்பது வருசமா நாங்களும் தேடிட்டுத்தான் இருக்கோம்."

தளவாய்க்கு இனி நடிக்கத் தெம்பில்லை. "அப்போ நீங்கள்லாம் எங்கதான் போவீங்க?" என்றார்.

"எங்க போறது? விடியமுன்ன வீட்டுல போயிட்டு வருவோம். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டோம். ஏலம் எடுத்து, சந்தையில வித்துட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போயித்தான். உங்களுக்கு ஊத்துன பதினியில ஒரு வாய் நாங்க யாரும் குடிக்கல, பாத்தீயளா?"

அவர் பார்க்கவில்லை. கழிப்பறை பற்றி ஹாலில் அத்தனை பேச்சுப் பேசியவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆனால் அதைப் பற்றி வருத்தப்படுகிற நிலைமையில் அப்போது அவர் இல்லை.

சலேத் கரையைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே ரோச்சு! வள்ளத்தைத் தள்ளுல. அண்ணாச்சிக்கு அவசரம்!"

'அவசரம்' என்ற சொல் துறை முழுக்கக் கேட்டது. ரோச் என்கிற மீனவன் கேள்வி கேட்காமல் தன்னுடைய பைபர் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினான். தளவாய் ஷூவோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கோட்டு நனைய, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, வள்ளத்துக்குள் விழுந்தார்.

"தூரமாப் போப்பா" என்றார்.

"தூரமாப் போனா ஆட்டம் கூடிப்போவும் அண்ணாச்சி. இங்கன போதும்" என்று ரோச் இன்ஜினை நிறுத்தினான். "நின்னுக்கிட்டுப் போவாதீங்க. குடிச்சிட்டு நின்னுக்கிட்டுப் போயித்தான் எங்கூர்ல நாலு பேரு கடல்ல விழுந்தான்."

தளவாய் குடிக்கவில்லை. நின்றுதான் பழக்கம். கரைக்கு முதுகைக் காட்டி, ஒரு கையால் ரோச்சின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏஜென்ட் வேலையில் எத்தனையோ கப்பல் துறைக்கு வந்து சேர்ந்து நிம்மதி அடைந்திருக்கிறார். இந்த நிம்மதிக்கு அதெல்லாம் கால்தூசி. கண்ணில் நீரே வந்துவிட்டது.

இங்கேதான் காற்று ஒரு வேலை செய்தது. இன்ஜின் நின்ற வள்ளம் மெதுவாய்த் திரும்ப ஆரம்பித்தது. கடலைப் பார்த்து நின்றவர் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையைப் பார்க்க வந்தார். சரியாக அந்த நேரத்தில், அறிக்கை முடிந்து, குரூப் போட்டோ எடுப்பதற்காக மொத்தக் கிளப்பும் ஆளுநரோடு கடற்கரைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அது யார் வள்ளத்துல? நம்ம தளவாயா?" என்றார் பராங்குசம். உற்சாகமாய்க் கையை ஆட்டினார்.

மரியாதை என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம். தளவாய் ரோச்சின் தோளிலிருந்து கையை எடுத்து, பதிலுக்கு ஆட்டினார். போட்டோக்காரன் கிளிக் செய்தான்.

ஜெபசுதாவுக்கு நிலைமை புரிந்துவிட்டது. புரிந்ததால் அந்த மனுசனைக் காப்பாற்ற நினைத்தார். "எங்க ஆர்ச் திட்டத் தலைவர் சார். கடல்ல இருந்து பார்த்தா ஊர் எப்படித் தெரியுதுன்னு பாக்கப் போயிருக்கார்" என்றார். வேறு பொய் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

பராங்குசம் நெகிழ்ந்துபோனார். "பேஷ்! இதுக்குப் பேர்தான் டெடிகேஷன். கோட்டு நனையறதையும் பார்க்காம கடல்ல இறங்கி ஆய்வு பண்றார். இன்னொருத்தர் பேசவே வேண்டாம். ஆர்ச்சுக்கு நான் சம்மதம் குடுத்துட்டேன்."

ஜெபசுதாவின் முகம் விழுந்தது. தன் கையாலேயே தன் திட்டத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். பல் டாக்டராய் இருந்து அவர் பிடுங்கியதிலேயே தப்பான பல் அதுதான்.

தளவாய் கரையேறியதும் சிவசுப்பிரமணியன் ஓடிவந்து கையைக் குலுக்கினார். "ஜெயிச்சிட்டீரு வே! ஆளுநர் ஆர்ச்சுன்னு சொல்லிட்டாரு." அப்படியே தள்ளிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். நன்றி சொல்ல வேண்டும்.

தளவாய் நின்றார். ஷூவுக்குள் தண்ணீர் கொழகொழ என்றது. முன்னால் நாற்காலிகளில் கிளப். கிளப்புக்குப் பின்னால், ஏலம் முடிந்து, சலேத்தும் மற்ற பெண்களும் வட்டிகளோடு வேடிக்கை பார்த்து நின்றார்கள். அவர் எதற்குக் கடலுக்குப் போனார் என்று அந்தப் பெண்களில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்தவளுக்குத் தோள் குலுங்கியது. சலேத் மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, ஏதாவது செய்துகொள் என்பது போலப் போட்டுக்கொண்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வார்த்தை நன்றி சொன்னால் ஆர்ச் வந்துவிடும். சிப்பி வந்துவிடும். சிப்பிக்குள் முத்து எரியும். லாரிக்காரன் பெயர் படிப்பான். தளவாய் வாயைத் திறந்தபோது அதைச் சொல்லத்தான் திறந்தார்.

"ஆளுநர் அவர்களுக்கு வணக்கம். நான்... நான் ஆர்ச் பாக்கப் போகல சார்."

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அப்படியே சொன்னார்.

"ஒண்ணுக்குப் போகப் போனேன்."

ஓட்டின் மேல் காக்கா ஒன்று கத்தியது.

"இங்கன ஒரு சுவரு கிடையாது சார். இருக்கிற சுவத்துல எல்லாம் சாமி இருக்கு. எனக்கு வள்ளத்தைத் தள்ள நாலு பேரு வந்தான். நான் ஆம்பளை, நின்னு போயிட்டு வந்துட்டேன். இவங்க யாரும் விடியக்காலத்துல இருந்து தண்ணியே குடிக்கலையாம். நமக்குப் பதினி ஊத்திக் குடுத்திருக்காங்க." பிறகு வழக்கமான சத்தத்தில் கத்தினார். "எனக்கு ஆர்ச் வேண்டாம் வே! கக்கூஸு கட்டுங்க!"

எல்லோரும் ஆளுநரைப் பார்த்தார்கள். பராங்குசத்தின் முகம் ஒரு மாதிரி இறுகியிருந்தது. கோபம் என்று நினைத்து சிவசுப்பிரமணியன் சமாதானம் சொல்ல எழுந்தார். பராங்குசம் கையை உயர்த்தி அவரை உட்கார வைத்தார்.

"அந்த வள்ளம் இன்னும் அங்கதான் நிக்கறதா?" என்றார். "நானும் ரொம்ப நேரமா அடக்கிண்டுதான் உட்கார்ந்திருக்கேன். ரெண்டு காபி, ரெண்டு பட்டை பதநீர்."

அதற்குப் பிறகு யாரும் வெட்கப்படவில்லை. ரோச்சின் வள்ளம் மூன்று நடை போய் வந்தது. முதல் நடையில் ஆளுநர். இரண்டாவது நடையில் செயலாளரும், முன்னாள் தலைவர்களும், ஆர்ச்சுக்கு ஓட்டுப் போட்டவர்களும். சிவசுப்பிரமணியன் வள்ளத்தில் ஏறும்போது, "நான் சும்மா காத்து வாங்க வாரேன்" என்றார். கரையில் பெண்கள் சிரித்த சிரிப்பு மறுநாள் ஏலத்திலும் ஓயாமல், ஏலக்காரர் விலையைத் தப்பாய்ச் சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிய பிறகு ஜெபசுதா ஓட்டுக்கு விட்டார். எதிர்த்து ஒரு கை தூக்கவில்லை.

கலைந்து போகும்போது தளவாய்க்கு ஒரு சந்தேகம். ஜெபசுதாவைத் தனியே பிடித்தார். "டாக்டரம்மா, நெசத்தைச் சொல்லுங்க. இங்கன கூட்டம் வச்சது, பதினி ஊத்துனது எல்லாம் வேணும்னு செஞ்சதா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. பதினி சலேத்தக்கா ஏற்பாடு. எனக்கு அவ்வளவு மூளை இருந்தா நான் ஏன் ஆர்ச் பாக்கப் போயிருக்கார்னு சொல்லப்போறேன்?" என்றார் ஜெபசுதா. பிறகு ரொம்ப சீரியஸாக, "கழிப்பறைத் திட்டத்துக்கு நீங்கதான் தலைவர்" என்றார்.

அந்த மாதத்துக் கிளப் பத்திரிகையின் அட்டையில் அந்த போட்டோ வந்துவிட்டது. அச்சுக்குக் கொடுத்தவருக்கு விவரம் தெரியாது. 'கடலை வணங்கும் சேவகர்' என்று தலைப்பு. வள்ளத்தின் விளிம்பு இடுப்புவரை மறைத்ததால் கிளப்பின் மானம் தப்பியது. வீட்டில் வடிவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு கை மேல இருக்கு. இன்னொரு கை எங்க?"

தளவாய் பேப்பர் படிப்பது போல இருந்தார்.

"ஊரே பாத்தாச்சு. இனி டாக்டரு ஒருத்தர் பாத்தா என்ன குறைஞ்சு போவும்? கிளம்புங்க" என்றாள். அடுத்த மாசம் வரை அவள் காத்திருக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் நடந்தது. தளவாய் பத்து நாள் படுக்கையில் இருந்தார். படுத்துக்கொண்டே போனில் கழிப்பறை வேலை பார்த்தார். அனுமதி வாங்குவதற்கு எத்தனை மேசை, எத்தனை கையெழுத்து என்பது தனிக் கதை. முப்பது வருடம் கஸ்டம்ஸில் நின்று பழகிய பொறுமை அங்கே உதவியது. 'ஆர்ச் அண்ணாச்சி' என்று கூப்பிட்ட வாய்கள் 'கக்கூஸ் அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தன. முதலில் முறைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். அப்புறம் போனிலேயே, "ஆமா, கக்கூஸு தளவாய்தான் பேசுதேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கல்வெட்டில் பெயர் போடுகிற பேச்சு வந்தபோது முதலில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். கக்கூஸில் பெயரா என்று கூசினார்கள். பராங்குசம் நாலு மாவட்டத்துக்கும் இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து கடிதம் எழுதியதும், எல்லோருக்கும் கூச்சம் தெளிந்துவிட்டது. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரண்டு செவ்வாய்க்கிழமை சண்டை நடந்தது. புரோட்டா ஆறிப்போனது. ஜெபசுதா கடைசியில், "எல்லார் பேரும் போடுவோம். ஆனா வெளிச்சுவத்துல இடமில்ல. உள்ள போடுவோம்" என்று முடித்துவிட்டார்.

திறப்பு விழாவன்று பராங்குசம் ரிப்பனை வெட்டினார். கட்டடம் சின்னதுதான், ஆனால் பளிச்சென்று இருந்தது. நாலு அறை, தண்ணீர்த் தொட்டி, மீன் வட்டியை வைக்க ஒரு சிமெண்டு மேடை. பராங்குசம் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஜென்ட்ஸ் எங்க?" என்றார்.

"ஆம்பளையளுக்குத்தான் கடல் கிடக்கே சாரே" என்றாள் சலேத். "ரோச்சு வள்ளம் ரெடியா நிக்கி."

தளவாய்க்கும் அது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஓடி ஓடிக் கட்டிய இடத்துக்குள் அவர் கால் வைக்க முடியாது. கல்வெட்டில் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. கிளப்பின் ஆண்கள் எல்லோருக்கும் அதே கதி. ஒவ்வொருத்தரும் தங்கள் மனைவியை உள்ளே அனுப்பி, "நல்லா இருக்கா? எத்தனாவது?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேல இருந்து ரெண்டாவதுதான். பெரிய எழுத்துதான்."

"பிறகென்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தவளாய்னு வெட்டியிருக்கான்."

தளவாய் கொத்தனாரைத் தேடினார். அவன் எப்போதோ போய்விட்டிருந்தான். பெண்கள் அதற்குள் வரிசையாய் உள்ளே போக ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குடத்தில் தண்ணீர் வைத்து, வாசலிலேயே நின்று ஆளுக்கு ஒரு டம்ளர் மோந்து குடித்தார்கள். காலை நேரத்தில் அவர்கள் தண்ணீர் குடிப்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். திருத்தச் சொல்வது அப்புறம் ஆகட்டும் என்று விட்டுவிட்டார்.

கிளம்புகிற நேரத்தில் சலேத் வந்தாள். கையில் முழுச் சீலா மீன் ஒன்று, குழந்தை நீளம் இருக்கும், வெள்ளிபோல மின்னியது. "அண்ணாச்சிக்கு எடுத்து வச்சது. இன்னைக்கு வந்ததுலயே நல்ல மீனு" என்று நீட்டினாள். சுற்றிலும் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

தளவாய் வாழ்க்கையில் மீனைத் தொட்டதில்லை. வடிவைப் பார்த்தார். வடிவு மூச்சை அடக்கிக்கொண்டு, "வாங்கிக்கிடுங்க" என்று கண்ணாலேயே சொன்னாள். இரண்டு கையாலும் வாங்கினார். அது வழுக்கியது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

ஜெபசுதா கிளினிக்குக்கு ஆள் காத்திருக்கிறது என்று முன்னாலேயே போய்விட்டிருந்தார். நேராய் அங்கேயே காரை விட்டார்கள். வடிவு வழி முழுக்க முகத்தை சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் ஒருத்தர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். கோட்டில் செதில் ஒட்டியிருக்க, கையில் மீனோடு வந்து நின்ற தளவாயைப் பார்த்ததும் அவர் வாய் இன்னும் கொஞ்சம் பிளந்தது.

"டாக்டரம்மா, இதை நீங்க வச்சிக்கிடணும். எங்க வீட்டுல மீன் சட்டியே இல்ல" என்றார் தளவாய்.

ஜெபசுதா கையுறையைக் கழற்றி, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இப்போ வந்த மீனு அண்ணாச்சி. சலேத்தக்கா இப்படிப்பட்ட மீனை எனக்கே குடுத்ததில்ல" என்றார். "பின்னால குசினியில வச்சிருங்க. மைனி, நீங்க இங்கன பெஞ்சுல உக்காருங்க, காபி போடச் சொல்லுதேன்."

"காபி வேண்டாம்" என்றாள் வடிவு. "கை கழுவ சோப்பு இருக்கா?"

தளவாய் குசினிக்குப் போய் மீனை ஒரு தட்டில் இறக்கி வைத்தார். வால் தட்டுக்கு வெளியே நின்றது. அதை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. வால் வெளியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, கையைக் கழுவப் போனார்.